கொழுந்துச்சாமிக்கு ஒரு கிள்ளு

விஜயலெட்சுமிக்குத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் வைத்திருந்த பட்டப்பெயர் புழுவக்கா. வைத்தது யாரென்று கேட்டால் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள்; கூப்பிடும்போது மட்டும் லயத்து வீடுகள் எல்லாம் சேர்ந்து கூப்பிடும். "என்னா புழுவக்கா, புள்ளைங்க எல்லாம் சாப்புட்டுச்சா?" என்று காலையில் பெரட்டுக்களத்தில் ஒருத்தி ஆரம்பித்தால் போதும், அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க வந்து நிற்கும் மற்றப் பெண்கள் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். விஜயலெட்சுமியும் லேசில் விடுகிறவள் இல்லை. "சாப்புட்டுச்சு. ஒன்னய மாதிரி சோத்துல உப்பில்லன்னு ஒப்பாரி வைக்கல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் நகர்வாள்.

சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான பெயர்தான். நமுனுகுல மலையடியில் இருந்த அந்தத் தோட்டத்தில் அவள் பார்த்த வேலை, இலைசுருட்டிப் புழுக்களை வளர்த்து, மெல்லிய தூரிகையால் தூக்கித் தேயிலைச் செடியின்மேல் விடுவது. தேயிலையைத் தின்னும் புழுவைத் தேயிலையிலேயே கொண்டுபோய் விடுவதற்குச் சம்பளமா என்று ஊரே வாயைப் பிளந்தது. வேறு யாராவது அந்தக் காரியத்தைச் செய்திருந்தால் துரை அன்றைக்கே மலையை விட்டு விரட்டியிருப்பார்.

முன்பு அவளும் கொழுந்துக்கூடை சுமந்தவள்தான். கணவன் தேயிலைச் செடிகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் குளவி கொட்டிச் செத்துப்போனான். அதற்குப் பிறகு மகள் லதுஷாவை ஒற்றை ஆளாக வளர்த்தாள். போன வருசம் கழுத்து எலும்பு காலை வாரியது. விடிந்தால் இரண்டு கையும் மரத்துக் கிடந்தன. பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இனித் தலையில் கயிறு மாட்டிப் பாரம் தூக்கினால் கை எதற்கும் உதவாமல் போய்விடும் என்றார். கூடை தூக்க முடியாதவளுக்குத் தோட்டத்தில் என்ன வேலை இருக்கிறது? கணவனின் தங்கை ஜெயந்தினி கொழும்பிலிருந்து போன் எடுத்தாள்.

"அண்ணி, வெள்ளவத்தையில நல்ல எடம். வயசான ரெண்டு பேருதான். சமைச்சுப் போட்டா போதும். ஆனா தங்கித்தான் வேலை பாக்கணும்."

தங்கித்தான் என்ற அந்தச் சொல் விஜயலெட்சுமியைத் தூங்கவிடவில்லை. லதுஷா அந்த வருசம் ஓ.எல். பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை. வயசுப் பெண்ணை லயத்து அறையில் தனியே விட்டுவிட்டு, யாரோ வீட்டுக் கோப்பையைக் கழுவப் போவதா? "நான் இருந்துக்குவேம்மா" என்று லதுஷா சொன்னாள். சொல்லும்போது தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு வழி தெரியாமல் பதுளைக் கடையொன்றில் நீலநிறப் பயணப்பை ஒன்றை வாங்கி, நாலு சேலையை மடித்து வைத்துக் கதவோரம் நிறுத்தினாள். அந்தப் பையைத் தாண்டித்தான் இருவரும் வீட்டுக்குள் போய்வந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஞானேஸ்வரி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், விஜயலெட்சுமியைவிடப் பத்து வயதாவது இளையவள், தேயிலைச் செடி எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று ஆராய்கிறவள். தோட்டத்தில் ஒரு துண்டு மலையைக் கேட்டு வாங்கிக் கயிறு கட்டினாள். புழுவைப் பார்த்து அலறாத, பாரம் தூக்க வேண்டாத ஒருத்தி வேண்டும் என்றாள். ஆடி மாதம் முடியும்வரை தற்காலிக வேலை. சோதனை சரியாக வந்தால் திட்டம் இன்னும் மூன்று வருசம் நீளும், அந்த வேலையும் விஜயலெட்சுமிக்கே நிற்கும். பிழையாகப் போனால் எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டிவிடுவார்கள். ஜெயந்தினியும் ஆடி முடிவதற்குள் பதில் கேட்டிருந்தாள். ஆக, மகளோடு இருப்பதா கொழும்புக்குப் போவதா என்பது புழுவின் வாயில் வந்து நின்றது.

முதல் நாளே ஞானேஸ்வரி செடியோரம் குந்தி உட்கார்ந்து விளக்கிவிட்டாள்.

"அக்கா, செடிக்கு எழும்பி ஓட ஏலாது. அதாலை அது மருந்து சமைக்குது. அதைத் திண்ட புழுவுக்குச் சாப்பாடு செமிக்காது, வளராது. ஆனா எந்த நேரமும் மருந்தே சமைச்சுக்கொண்டிருந்தால், துளிர் விடுறதுக்குச் சத்துக் காணாது. அதாலை அந்தச் சமையல் குறிப்பைப் பூட்டி வைச்சிருக்கும்."

சமையல் குறிப்பு என்று அவள் சொன்னது மரபணுவை. இலையின் ஒவ்வொரு உயிரணுவிலும் அது இருக்கிறது. அதைத் திறக்கவிடாமல் ஒரு புரதம் காவல் நிற்கிறது. புழு கடித்ததும் இலை ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஒன்றைச் சுரக்கிறது. அது வந்ததும் காவல் நின்ற புரதத்தைச் செடியே அழித்துவிடுகிறது. மரபணு திறக்கிறது, அதிலிருந்து நகல் நகலாக எடுக்கப்படுகிறது, அந்த நகல்களைப் பார்த்து மருந்து தயாராகிறது. நகல்களை எண்ணினால் மரபணு பூட்டிக் கிடக்கிறதா திறந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். அந்த நகல்களோ வெகு சீக்கிரம் அழிகிறவை. அதனால்தான் இலையைப் பறித்த கையோடு புகை கக்கும் திரவ நைதரசனுக்குள் போட்டுப் பதுளை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

விஜயலெட்சுமி இதைத் தன் பாணியில் புரிந்துகொண்டாள். பூட்டியிருந்தால் செடி தூங்குகிறது, திறந்தால் முழித்துக்கொண்டது. எந்த இனச் செடி புழு கடித்ததும் சட்டென்று முழிக்கிறது என்று கண்டுபிடித்து, அதிலிருந்து நாற்று எடுத்தால் பூச்சிமருந்து அடிப்பது குறையும். அதற்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தூங்குகிற செடி வேண்டும். அதற்கென்று ஒரு நிரையை ஒதுக்கிக் கை படாத நிரை என்று பெயர் வைத்தார்கள். புழு கடித்த செடியின் வாசம் பட்டாலே பக்கத்துச் செடியும் உசாராகிவிடுமாம். ஆகவே அந்த நிரையைக் காற்று வருகிற பக்கமாக, தள்ளி, நடைபாதையோரம் தேர்ந்தெடுத்தாள் ஞானேஸ்வரி. ஒவ்வொரு செடியிலும் சோதனைக்கு இலை எடுக்கப்போகிற ஒரு கிளைக்கு வலைப்பை கட்டினார்கள். "இதிலை ஆரும் கொழுந்து எடுக்கக் கூடாது. நீங்கள்தான் காவல்" என்றாள்.

நடைபாதை அந்த இடத்தில் வளையும். வளைவில்தான் கொழுந்துச்சாமி இருந்தார். குங்குமம் பூசிய ஒரு கல், பக்கத்தில் துருப்பிடித்த ஒரு சூலம், அவ்வளவுதான் கோவில். மேலே உச்சிமலைக்குப் போகிற பெண்கள் அந்த வழியாகத்தான் ஏறுவார்கள். விஜயலெட்சுமியும் தினமும் காலையில் அங்கே நின்று, வழக்கப்படி ஒரு கிள்ளு கொழுந்தைக் கல்லின்மேல் வைத்து, "சாமி, இந்த வேலை எனக்கு நெலைக்கணும். எம்புள்ளய விட்டுட்டு என்னயப் போக வச்சிராத" என்று கும்பிட்டுவிட்டுத்தான் கயிற்றைத் தாண்டி உள்ளே போவாள்.

முதல் முடிவு ஆடி பிறந்து சில நாட்களில் வந்தது. ஞானேஸ்வரியின் வேன் மலையில் ஏறிய வேகத்தைப் பார்த்ததும் விஜயலெட்சுமி தூரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். உதவியாளன் சிந்துஜன் பின்னால் இறங்கினான், முகத்தில் உயிரில்லை. மடுல்சீமைத் தோட்டமொன்றில் பிறந்து, முட்டிமோதிப் படித்து, முதல் வேலைக்கு வந்த பையன் அவன்.

"அக்கா, கை படாத நிரை முழிச்சிருக்கு" என்றாள் ஞானேஸ்வரி. "புழு விட்ட செடியிலை எவ்வளவு நகல் இருக்கோ, அவ்வளவு இதிலையும் இருக்கு. எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. ஆரும் கொழுந்து எடுத்தவையே?"

"ஐயோ இல்லீங்க மிஸ்!"

"வலையை ஆரும் திறந்தவையே?"

"கொழுந்துச்சாமி சத்தியமா ஒருத்தரும் எடுக்கலீங்க. வலைப்பக்கம் ஒரு ஈ காக்கா அண்டல. நான் என்னா கண்ண மூடிக்கிட்டா நின்னேன்?"

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தவரை அதுதான் உண்மை. ஞானேஸ்வரி மெதுவாகத் திரும்பிச் சிந்துஜனைப் பார்த்தாள்.

"அப்ப இலை போட்ட குழாய்தான் மாறியிருக்கு. நீர்தானே பேர் ஒட்டினது?"

"மாத்தலங்க மிஸ். ரெண்டு தடவ பாத்துத்தான் ஒட்டுனேன்."

"அப்ப செடி சும்மா முழிக்குமே? ஒரு இலையை நகத்தாலை கிள்ளினாலே காணும், முழுச் செடிக்கும் செய்தி போயிடும். ஒருத்தரும் தொடேல்ல எண்டால் பிழை ஆய்வுகூடத்திலைதான். இந்த மலையைக் கவ்வாத்து வெட்ட முன்னம் இன்னொருக்கால் எடுப்பம். நீர் வெள்ளிக்கிழமையோடை வேலையை விட்டு நிண்டு கொள்ளும். வேற ஆளைப் பாக்கிறன்."

சிந்துஜன் நைதரசன் சாடியை வேனில் ஏற்றிவிட்டு, பெயர் எழுதிய கொப்பியைத் திரும்பத் திரும்பப் புரட்டுவதை விஜயலெட்சுமி பார்த்தாள். பாவம் என்று நினைத்தாள். தன் வேலை தப்பியது என்றும் நினைத்தாள். ஆடி முடியும்வரை இன்னொரு வாய்ப்புக் கிடைத்துவிட்டதே!

மறுநாள் காலை ஆடிக்காற்று மலையைச் சுழற்றி அடித்தது. விஜயலெட்சுமி சாமி முன்னால் நின்றாள். கை பழகிய வேகத்தில் ஓரத்துச் செடிக்குப் போனது, இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளியது. கிள்ளிய இடத்திலிருந்து பச்சை வாடை எழுந்தது. கல்லின்மேல் வைக்கப்போனவள் அப்படியே நின்றாள்.

நகத்தால் கிள்ளினாலே காணும்.

அடி பாவி! அவள் நிமிர்ந்து பார்த்தாள். கல்லுக்குப் பக்கத்தில் யார் கைக்கும் எட்டுகிற செடிகள் எவை? கை படாத நிரைதான். வலைப்பையை அவள் தொட்டதில்லை. வலைக்கு வெளியே இருக்கிற கிளைகளில்தான் கிள்ளினாள். அவள் மட்டுமா? உச்சிமலைக்கு ஏறுகிற அத்தனை பெண்களும் ஆளுக்கொரு கிள்ளு கிள்ளிச் சாமிக்கு வைத்துவிட்டுத்தானே போகிறார்கள்! கொழுந்து எடுப்பதென்றால் கூடையில் போடுவது. சாமிக்கு வைப்பதை எந்தக் காலத்தில் யார் கொழுந்து எடுத்ததாகச் சொன்னார்கள்? நேற்று ஞானேஸ்வரி கேட்டபோதும் அவள் இல்லை என்றுதான் சத்தியம் பண்ணினாள். அதையும் இந்தச் சாமிமேலேயே பண்ணியிருக்கிறாள்.

வேலை நிலைக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்ட கும்பிடே வேலைக்கு உலை வைத்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கிள்ளிய கொழுந்தோடு பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று பகல் முழுவதும் புழுக்களுக்கு இலை வைத்தபடி மனசோடு மல்லுக்கட்டினாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன கெட்டுப்போகும்? இனிக் கிள்ளாமல் இருந்துவிட்டால் அடுத்த முடிவு சரியாக வரும். வேலை நிலைக்கும், லதுஷாவோடு இருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை சிந்துஜன் வீட்டுக்குப் போவான். குழாயை மாற்றி ஒட்டியவன் என்ற பெயரோடு போவான். அந்தப் பெயரோடு அவனை வேறு எவன் வேலைக்கு எடுப்பான்? அவனுடைய அம்மாவும் எங்கோ ஒரு மலையில் கூடையோடு நிற்பாள்.

சாயங்காலம் வேன் வந்தது. புழுப் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஞானேஸ்வரியிடம் போய் நின்றாள்.

"மிஸ், தம்பி மேல குத்தமில்லீங்க. நான்தான்."

சொல்லி முடித்தாள். ஞானேஸ்வரி சத்தம் போட்டாள். நல்லவள்தான், ஆனால் கோபம் வந்தால் அவளுக்குக் கண் மண் தெரியாது. "காவலுக்கு விட்ட ஆளே கிள்ளினால் நான் ஆரை நம்புறது? எத்தினை மாச வேலை அக்கா! எத்தினை மாசம்!" என்றாள். விஜயலெட்சுமி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். சிந்துஜன் சாடியைக் கட்டிப்பிடித்தபடி வேனருகில் நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

கத்தி ஓய்ந்தபிறகு ஞானேஸ்வரி கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து, கல்லோரம் நின்று செடிக்குக் கை எட்டுகிறதா என்று நீட்டிப் பார்த்தாள். பிறகு சிந்துஜனிடம் போய், "நீர் வேலையிலை நில்லும். பிழை என்னிலைதான், விசாரிக்காமல் கதைச்சிட்டன்" என்றாள். விஜயலெட்சுமியிடம் திரும்பினாள்.

"கிள்ளாமல் விட்டால் செடி திரும்பவும் அடங்கும். ஆடி கடைசியிலை எடுப்பம், அதுக்குப் பிறகு இந்த மலையைக் கவ்வாத்து வெட்டப் போகினம். இந்த முறையும் பிழையாப் போனால் எனக்கும் முடிஞ்சுது, உங்களுக்கும் முடிஞ்சுது. ஒரு ஆளும் கிள்ளக் கூடாது. உங்களாலை ஏலுமே?"

"ஏலுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டாள். சொல்வது லேசு. கிள்ளக்கூடாது என்று அவள் சொல்லப்போவது மலையேறும் ஒரு படைக்கு. அதுவும் சாமி விசயத்தில்.

அடுத்த நாள் காலை கல்லுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக வந்து முட்டி நின்றார்கள். கடைசியாகத் தம்பையா கங்காணி தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். விசயத்தைக் கேட்டதும் அவருக்கு மீசை துடித்தது.

"சாமிக்குக் கொழுந்து வைக்காம மலையில ஏறுறதா? ஏம்புள்ள, புத்தி கெட்டுப்போச்சா? போன தடவ வைக்காமப் போனப்பதான் குளவி கலைஞ்சுச்சு. ஒம்புருசன் எப்புடிச் செத்தான்னு மறந்துட்டியா?"

அந்தச் சொல் விஜயலெட்சுமிக்குச் சுருக்கென்று தைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். "மறக்கல கங்காணி. இப்ப நானும் கொழும்புக்குப் போயிட்டா எம்புள்ளைக்கு யாரு? அதுக்குத்தான் நிக்கிறேன். சாமிய வேணும்னா நாலடி தள்ளி வச்சுக்குவோம்."

"வச்சுக்குவோமா? அது என்னா ஒங்க வீட்டு அம்மிக்கல்லா? சாமிய நகத்தணும்னா பூக்கட்டிப் பாக்கணும். வெள்ளை வந்தா நகத்தலாம். செவப்பு வந்துச்சு, வாய மூடிக்கிட்டு வழிய விடணும்."

ஒருத்தி கொண்டையிலிருந்து வெள்ளைப் பூவை எடுத்தாள். வேலியோரத்திலிருந்து ஒரு சிவப்புச் செம்பருத்தி வந்தது. இரண்டையும் தனித்தனி வெற்றிலையில் பொட்டலமாக மடித்துக் கல்லின் முன்னால் போட்டார்கள். தம்பையா கண்ணை மூடி, மூன்று தரம் அரோகரா சொல்லி, ஒன்றை எடுத்து விஜயலெட்சுமியின் கையில் வைத்தார். காற்றில் பூ பறந்துவிடாமல் கையைக் குவித்துக்கொண்டே பிரித்தாள்.

சிவப்பு.

"முடிஞ்சுச்சு. சாமி நகரமாட்டேன்னுட்டாரு. வழிய விடு" என்றார் தம்பையா. பின்னால் நின்றவர்கள் நகர்ந்து முன்னால் வந்தார்கள். முதல் கை ஓரத்துச் செடியை நோக்கி நீண்டது. விஜயலெட்சுமி அந்தக் கையைப் பிடித்துவிட்டாள்.

"சாமி நகரமாட்டேன்னுதான் சொன்னாரு. சரி, இருக்கட்டும், நான் தொடல. ஆனா இந்த நெரைக் கொழுந்துதான் வேணும்னு சொன்னாரா? நீங்க ஏறுறது உச்சிமலைக்கு. மொதக் கொழுந்து ஏறுற மலையிலருந்துதான வைக்கணும்? கைக்கு எட்டுதேன்னு இங்க கிள்ளிக்கிட்டு இருக்கோம். எட்டுனதக் குடுக்குறது காணிக்கையாங்க கங்காணி?"

தம்பையா உச்சிமலையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப உச்சிமலைக் கொழுந்து இங்க எப்புடி வரும்? நடந்து வருமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நான் கொண்டாறேன்" என்றாள் விஜயலெட்சுமி. "தெனம் நீங்க வாறதுக்கு முன்னாடி ஏறி, அத்தன பேருக்கும் கொண்டாந்து இங்க வைக்கிறேன். ஒரு நாள் தவறுனாலும் நீங்க இங்கயே கிள்ளிக்கலாம். நான் ஒரு வார்த்த கேக்கமாட்டேன்."

அவள் வாயாலேயே கழுத்துக்குச் சுருக்கு மாட்டிக்கொண்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தம்பையா தடியால் தரையைத் தட்டினார். "சரி. பேச்சுப் பேச்சா இருக்கட்டும்."

அன்றிலிருந்து விடியுமுன்னே அவள் உச்சிமலை ஏறினாள். பாதை செங்குத்து, பனியில் கல்லெல்லாம் வழுக்கும். மேலே போய் மடி நிறையக் கிள்ளி எடுத்து, இறங்கி வந்து, சாமிக்குப் பக்கத்தில் வாழையிலையில் குவித்து வைப்பாள். பெண்கள் வந்து ஆளுக்கொரு கிள்ளு எடுத்துக் கல்லில் வைத்துவிட்டுப் போவார்கள். "புழுவக்கா இப்ப பூசாரி அக்கா ஆயிட்டாங்க" என்று கேலியும் குறையவில்லை. இரவில் கழுத்து வலியில் புரண்டு படுக்கக்கூட முடியாது. லதுஷா எண்ணெய் தேய்த்துவிடுவாள். ஒருநாள், "ஏம்மா இந்தப் பாடு? நான் இருந்துக்குவேன்னு சொன்னேன்ல" என்றாள். "நீ இருந்துக்குவ. நான் இருக்கமாட்டேன்டி" என்றாள் தாய். பிள்ளை இன்னும் கொஞ்சம் எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டாள்.

ஒரு நாளும் தவறவில்லை. இலை எடுக்கிற நாளும் வந்தது. அன்று வேன் காலையிலேயே வருவதாகச் சொல்லியிருந்தார்கள். விஜயலெட்சுமி உச்சிமலையில் மடியை நிரப்பிக்கொண்டு இறங்கும்போது, காற்று ஒரு வீச்சு வீசியது. மேலே கற்பாறைப் பக்கமிருந்து ரீங்காரம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவள் வாழ்நாளில் மறக்கமாட்டாள். குளவி.

நின்று பார்க்க நேரமில்லை. பாதையோரத்து வடிகானுக்குள் விழுந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டாள். சாக்குக்கு மேலே சத்தம் வந்தது, போனது, திரும்பவும் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கொழுந்து மடியில் நசுங்கி வாடை அடித்தது. இந்தச் சத்தத்தைத்தான் கணவனும் கடைசியாகக் கேட்டிருப்பான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று கீழே இருந்தது. இந்நேரம் பெண்கள் ஏறத் தொடங்கியிருப்பார்கள். வாழையிலை வெறுமையாகக் கிடக்கும். ஒரு நாள் தவறினாலும் கிள்ளிக்கலாம் என்று சொன்னவள் அவள்தானே?

சத்தம் தேய்ந்ததும் எழுந்தாள், ஓடினாள். வளைவுக்கு மேலே வந்தபோது கீழே தெரிந்தது. பெண்கள் எல்லோரும் கல்லைச் சுற்றி, கை படாத நிரையை ஒட்டி நின்றார்கள்.

"கை வைக்காதீங்கடி! ஏய், கை வைக்காதீங்க!" என்று கத்தினாள். காற்று எதிர்ப்பக்கம் வீசியது, ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று அழுதுகொண்டே இறங்கினாள். சேற்றில் வழுக்கி விழுந்தாள். மடியை மட்டும் விடாமல் எழுந்து மறுபடி ஓடினாள்.

கிட்டே வந்து பார்த்தாள். கல்லின்மேல் ஒன்றும் இல்லை. நேற்று வைத்த வாடிய கொழுந்து மட்டும் கிடந்தது. பெண்கள் அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். தம்பையா நிரைக்குக் குறுக்கே தடியைப் போட்டு, அதன் முன்னால் குந்தியிருந்தார்.

"எங்க புள்ள போன?" என்றார். "நாங்களும் சாமியும் எம்புட்டு நேரந்தான் நிக்கிறது? வேலைக்கு நேரமாச்சுன்னு கணக்கப்பிள்ள மேலருந்து கத்திக்கிட்டு இருக்காரு."

"குடு புழுவக்கா, கை நமநமன்னுது" என்றாள் பெரட்டுக்களத்தில் கேலியை ஆரம்பித்து வைக்கிற வாயாடி ஒருத்தி.

விஜயலெட்சுமி நசுங்கிய கொழுந்தை அள்ளி ஆளுக்காளாகக் கொடுத்தாள். "நசுங்கியிருக்கு" என்று மட்டும் சொன்னாள். "சாமி கொறை சொல்லமாட்டாரு" என்றார் தம்பையா. அவள் சேலையில் அப்பியிருந்த கான் சேற்றையும், அவள் முகத்தையும் பார்த்தவருக்கு என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. "குளவியா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவள் தலையாட்டினாள். அன்று அவர் பெண்களை உச்சிமலைக்கு ஏற்றவில்லை, கீழ்மலைக்குத் திருப்பினார்.

இலைகளை எடுத்துக்கொண்டு வேன் போய்விட்டது. பிறகு வந்த நாட்கள் அவளுக்கு நகரவே இல்லை. ஜெயந்தினி இரண்டு தரம் போன் எடுத்தாள். இரண்டு தரமும் நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

முடிவு வந்த அன்று அவள் லயத்துக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஈரக்கையால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா" என்றாள் ஞானேஸ்வரி. குரல் கம்மியிருந்தது. விஜயலெட்சுமி மற்றக் கையால் குழாயை மூடினாள். "நித்திரை அக்கா. முழு நிரையும் நல்ல நித்திரை. புழு விட்டது மட்டுந்தான் முழிச்சிருக்கு. எந்த இனம் முதல் முழிக்குது எண்டு வடிவாத் தெரியுது. சிந்துஜன் இஞ்ச துள்ளிக்கொண்டு நிக்கிறான். திங்கக்கிழமை வாறன், புழுவுக்குப் புதுப் பெட்டி கொண்டு வாறன். நீங்கள் ஒரு இடமும் போயிடாதேங்கோ."

அவள் சரி என்றாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. துணியை வாளியோடு விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். வழியில் யாரோ என்னவோ கேட்டார்கள், காதில் விழவில்லை.

வாசலுக்கு லயத்தைச் சுற்றித்தான் வரவேண்டும் என்றாலும், குழாயடிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். உள்ளே படித்துக்கொண்டிருந்த லதுஷாவுக்குப் போனில் பேசியதெல்லாம் கேட்டிருக்கிறது. விஜயலெட்சுமி வாசலில் வந்து நின்றபோது, பிள்ளை கதவோரத்து நீலப் பையைக் கட்டிலில் கவிழ்த்திருந்தாள். நாலு சேலையும் கொடிக்கயிற்றில் தொங்கின. எதையும் மடிக்கவில்லை, அவசர அவசரமாகத் தூக்கிப் போட்டிருந்தாள்.

தாயைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி சொன்னாள்.

"இந்த பேக்க நான் கிளாசுக்குக் கொண்டு போறேம்மா. என்னோடது கிழிஞ்சு போய் எவ்வளவு நாளாச்சு, கேட்டீங்களா நீங்க?"